வாசற்படியில் நின்றுவிடும் நாய்

1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடில் நேவா ஆறு ஊருக்குள் புகுந்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் அடைபட்டுக் கிடந்தன. தண்ணீர் ஏற ஏற, அவை கூண்டின் கூரையில் மூக்கு இடிக்க நீந்திக்கொண்டிருந்தன. ஊழியர்கள் வந்து சேர்ந்தபோது கூண்டுக் கதவுகள் நீருக்குள் போயிருந்தன. நாய்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித்தான் கதவு வழியாக வெளியே இழுக்க முடிந்தது. நாய்கள் பிழைத்துக்கொண்டன.

ஆனால் சில நாய்கள் பழைய நாய்களாகத் திரும்பவில்லை. ஓசை கேட்டதும் எச்சில் ஊறும்படி மாதக்கணக்கில் பழகியிருந்த ஒரு நாய்க்கு அந்தப் பழக்கமே அற்றுப்போனது. முன்பு ஆவலோடு தின்ற உணவை முன்னால் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல நாள் பாடுபட்டு அதைத் தேற்றிய பிறகு பாவ்லோவ் ஒரு சோதனை செய்து பார்த்தார். அறைக் கதவுக்கு அடியில் சத்தமில்லாமல் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார். நாய் துள்ளி எழுந்தது, மூச்சிரைத்தது, நிறுத்தி வைத்த மேடையிலிருந்து தப்பிக்கப் பார்த்தது. தேறியதெல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கரைந்துபோனது.

நூறு ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் லிஃப்ட் கதவு திறக்கும்போது நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நகர மறுக்கும் நாய்க்கும் இதுதான் கதை. அதற்கு எந்த வெள்ளம் வந்தது என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சங்கிலியைக் கையில் எடுத்தாலே அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிடித்துத் தூக்கிக் கீழே கொண்டுபோனால் வாலை வயிற்றோடு இடுக்கிக்கொண்டு, வந்த வழியே வீட்டை நோக்கி இழுக்கும். பார்ப்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பார் ஒருவர். நாலு நாள் தரதரவென்று இழுத்துப் போனால் தானாகச் சரியாகும் என்பார் இன்னொருவர்.

இழுத்துப் போனால் சரியாகாது. பெரும்பாலும் இன்னும் கெடும். வெளியே போகப் பயப்படும் நாயை வெளியே கொண்டுவர வேண்டுமானால், முதலில் அதை வெளியே கூட்டிப் போவதை நிறுத்த வேண்டும். கேட்க விசித்திரமாக இருந்தாலும், அச்சம் முற்றிய நாய்களோடு வேலை செய்பவர்கள் தொடங்கும் இடம் அதுதான்.

இப்படிப்பட்ட நாய் ஊரில் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றி அவற்றின் வீட்டுக்காரர்களிடம் கேட்டறிந்தார்கள். 72.5 விழுக்காடு நாய்களிடம் பதற்றத்தோடு தொடர்புடைய ஏதாவது ஒரு குணம் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு நாய்கள் சத்தத்துக்கு நடுங்கின. அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு, குட்டிப் பருவத்தில் வெளியுலகம் பார்க்காத நாய்களும் நகரத்தில் வளரும் நாய்களும் புதிய இடங்களுக்கும் சத்தங்களுக்கும் அதிகம் அஞ்சுகின்றன என்று காட்டியது.

குட்டிப் பருவம் என்பது ஏதோ ஓராண்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வாரக் கணக்கு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பரில் நடந்த பழைய ஆய்வு ஒன்று 1961இல் வெளியானது. உயரமான வேலி போட்ட வயலில், மனிதர் கைபடாமல் குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் ஒரு வாரம் உள்ளே கொண்டுவந்து மனிதர்களோடு பழகவிட்டார்கள். ஐந்து, ஏழு வார வயதில் வந்தவை சுலபமாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை மனிதரை அறியாமல் இருந்தவை காட்டு விலங்கைப் போலவே ஆகிவிட்டன. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் ஒரு குட்டி தன் உலகத்தில் எதெல்லாம் சகஜம் என்று கணக்கெடுக்கிறது. ஆட்டோ, குக்கர் விசில், குடை பிடித்த மனிதர், மாடு, மழை எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிட்டால் பிறகு பயமில்லை.

சிக்கல் என்னவென்றால், தடுப்பூசி வரிசை முடியும்வரை குட்டியை வெளியே விடக்கூடாது என்று நம் ஊரில் சொல்வதும் இதே வாரங்களில்தான். பார்வோ வைரஸ் குட்டிகளைச் சாகடிக்கும் நோய் என்பதால் அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் தரையில் விடாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனையில் கால்மணி நேரம் நிற்பதை எந்த வைரஸும் தடுக்கவில்லை. இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே பொத்தி வளர்த்த நாயை ஐந்தாவது மாதம் பேருந்து ஓடும் சாலையில் இறக்கிவிட்டு, ஏன் நடுங்குகிறது என்று கேட்கிறோம்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்களின் கதை வேறு. அவற்றுக்கு வெளியுலகம் நன்றாகவே தெரியும், அதனால்தான் பயம். வலை வீசிப் பிடித்த வண்டி, கல்லெறிந்த கை, பட்டாசு கட்டிவிட்ட பையன்கள், எல்லை தாண்டியதும் துரத்திய நாய்க்கூட்டம் எல்லாம் அவற்றின் நினைவில் இருக்கும். கீழே காவலாளி அறைக்கு அருகே நான்கு தெருநாய்கள் படுத்திருந்தால், உங்கள் நாய் இறங்க மறுப்பது முழுக்க அறிவுள்ள முடிவு. அந்த வழியை மாற்றாமல் நாயை மாற்றப் பார்ப்பதில் பயனில்லை.

காது விஷயமும் உண்டு. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை எட்டும். வாகன நிறுத்தத்தில் நமக்கு அமைதியாகத் தோன்றும் இடத்தில் அதற்கு என்னென்ன கேட்கிறதோ!

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வலி. மூட்டு வலியுள்ள நாய் வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் துள்ளும்போது உடம்பெங்கும் சுரீர் என்கிறது. அடுத்த முறை சத்தம் கேட்ட இடமே வலியாகிவிடுகிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், வலியோடு சேர்ந்த சத்த பயம் மற்ற நாய்களைவிடப் பல ஆண்டுகள் பிந்திய வயதில் தொடங்கியது தெரிந்தது. ஆறு வயது வரை குதித்துக்கொண்டு வெளியே போன நாய் திடீரென்று படியில் நின்றுவிட்டால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை.

இனி இழுப்பதைப் பற்றி. பயப்படும் பொருளின் நடுவில் ஓர் உயிரைத் தள்ளி, பயம் ஓயும்வரை அங்கேயே வைத்திருக்கும் முறைக்கு உளவியலில் வெள்ளத்தில் மூழ்கடித்தல் என்றே பொருள்படும் பெயர் உண்டு. லெனின்கிராட் நாய்களை நினைத்தால் அந்தப் பெயர் மனத்தைச் சுடுகிறது. இழுத்துப் போன நாய் சில நாளில் எதிர்ப்பை விட்டுவிட்டுப் பின்னால் வருவதும் உண்டு. பார்த்தீர்களா, பழகிவிட்டது என்று மகிழ்வதற்கு முன் 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் கண்டதை நினைக்க வேண்டும். எந்த வகையிலும் தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களை, பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் விட்டபோது பல நாய்கள் தாண்டவே முயலவில்லை. படுத்து முனகிக்கொண்டு தாங்கிக்கொண்டன. எதிர்க்காத நாய் அமைதியான நாய் என்று சொல்லிவிட முடியாது. அது கைவிட்டுவிட்ட நாயாகவும் இருக்கலாம்.

பாவ்லோவின் நாய்கள் வெள்ளத்தில் சிக்கிய அதே 1924இல், நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சின்னப் பையனின் பயத்தைப் போக்கிய விதத்தைக் கட்டுரையாக எழுதினார். பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். அவன் நாற்காலியில் உட்கார்ந்து பிடித்ததைச் சாப்பிடும்போது, அவன் சாப்பாட்டைக் கெடுக்காத தூரத்தில் முயல் கூண்டை வைத்தார்கள். அடுத்தடுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்த்தினார்கள். முயலுக்குப் பயப்படாத மற்றக் குழந்தைகளையும் கூட இருக்கவிட்டார்கள். கடைசியில் பீட்டர் முயலைத் தடவினான். இன்று நாய்களுக்கு உலகெங்கும் செய்வது ஏறக்குறைய இதையேதான்.

அந்தக் கதையின் உயிர் தூரத்தில் இருக்கிறது. சாப்பாடு தொண்டையில் இறங்கும் தூரம். பயம் எல்லை மீறினால் பசி அடங்கிவிடும். ஆகவே நாயின் பயத்தை அளக்க வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது: வேகவைத்த கோழித் துண்டு. வீட்டுக்குள் பாய்ந்து வாங்கும் நாய், கதவருகே முகர்ந்துவிட்டு விட்டுவிட்டால் கதவருகு அதற்கு இப்போதைக்குப் பொறுக்காத இடம். இரண்டு அடி பின்னால் வாருங்கள், தின்னும். அங்கிருந்துதான் தொடக்கம். உணவை மறுப்பதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். தூக்கம் வராதபோது கொட்டாவி, பசியில்லாதபோது உதட்டை நக்குதல், பின்னால் ஒட்டிய காது, ஓரத்தில் வெள்ளை தெரியும் கண், நனையாமலே உடம்பை உதறுதல் எல்லாம் மெல்லிய குரலில் போதும் என்பதுதான்.

முதல் வாரம் சங்கிலியைச் சாப்பாட்டுத் தட்டுக்கு அருகே தரையில் போட்டு வைத்தால் போதும். பிறகு கழுத்தில் மாட்டி, ஒரு துண்டு கொடுத்து, உடனே கழற்றிவிடலாம். வெளியே போகாமலே சங்கிலி மாட்டலாம் என்பதே அதற்குப் பெரிய செய்தி. அடுத்து மூடிய கதவருகே விளையாட்டு, பிறகு திறந்த கதவருகே. நாய் தானாக ஒரு காலை வாசற்படியில் வைத்தால் தின்பண்டத்தை முன்னால் நீட்டி ஆசைகாட்டக் கூடாது. பின்னால், வீட்டுக்குள் எறிய வேண்டும். அது ஓடிப்போய்த் தின்றுவிட்டுத் தானே திரும்பி வரும். முன்னால் போகும் ஒவ்வொரு முறையும் திரும்பிவர வழி திறந்தே இருக்கிறது என்று அறிந்த நாய்க்குத்தான் முன்னால் போகத் துணிவு வரும். மாடிப்படி இறங்குவது அடுத்த மாதத்து வேலையாகக்கூட இருக்கலாம். முதலில் விடிவதற்கு முன், நாலரை மணிக்கு, ஆளில்லாத நேரம் பாருங்கள். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று முகர்ந்துவிட்டுத் திரும்பினாலும் அது நல்ல நடைதான்.

அதுவரை சிறுநீர் கழிக்க எங்கே போவது? மொட்டை மாடி இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் பால்கனியில் அகலத் தட்டில் மண்ணோ புல்பத்தையோ போட்டு வைக்கலாம். இந்த ஏற்பாடு இருந்தால்தான் வெளியே போவது கட்டாயமாக இல்லாமல், நாயின் விருப்பமாக மாறும். இன்னொன்று, பயந்த நாய் கழுத்துப் பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுவது நொடி வேலை. மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என இரண்டு கயிறு போடுவது அதன் உயிரைக் காக்கும்.

தீபாவளி இதற்கெல்லாம் பெரும் சோதனை. தமிழகத்தில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் ஒதுக்கிய பிறகும் சத்தம் முன்பின்னாகச் சிதறித்தான் வருகிறது. அந்த வாரம் பயிற்சியே வேண்டாம். உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, நாய் ஒளிய விரும்பும் இடத்தில் ஒளியவிடுங்கள். பயந்து மடியில் ஏறினால் அணைத்துக்கொள்ளலாம். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. பயம் ஓர் உணர்ச்சி. பரிசு கிடைக்கிறது என்பதற்காக எந்த உயிரும் பயப்படுவதில்லை.

பயிற்சியே தொடங்க முடியாத அளவுக்கு நடுங்கும் நாய்க்கு மருந்து கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. மனிதருக்குத் தரும் ஃப்ளூக்ஸெடின் நாய்களுக்கும் பயன்படுகிறது. அதன் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். அளவு மருத்துவர் சொல்ல வேண்டியது, வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் தொடக்கூடாது. ஏஸ்புரோமசின் என்ற பழைய மயக்க மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும், பயமோ உள்ளே அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் நிம்மதி.

இத்தனை பாடு பட்டால் பலன் உண்டா? அமெரிக்காவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் வட கரோலினாவின் வீவர்வில்லில் இத்தகைய நாய்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. வியாபாரத்துக்காகக் கூண்டில் குட்டி போட வைத்த நாய்களும், ஒரே வீட்டில் டஜன் கணக்கில் அடைத்து வைக்கப்பட்டவையும் அங்கே வருகின்றன. பல நாய்கள் சங்கிலியையே பார்த்ததில்லை, சில அசையாமல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பீட்டருக்குத் துணைக் குழந்தைகள் இருந்ததுபோல இங்கே பயமில்லாத துணை நாய்கள் முன்னால் போய் வழிகாட்டும். சங்கத்தின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிகிச்சை பெற்ற 441 நாய்களில் 86 விழுக்காடு தேறின. தேறியவற்றில் ஏறத்தாழ எல்லாமே வீடுகளுக்குப் போயின. மீதி நாய்களும் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டாம். சில நாய்கள் கடைசிவரை மொட்டை மாடியோடு நின்றுவிடும். மாடியில் வெயில் காய்ந்து, மடியில் தூங்கி, நன்றாகவே வாழும்.

பாவ்லோவின் நாயைத் தேற்றியது எது என்று தொடக்கத்தில் சொல்லவில்லை. வழக்கமாகச் சோதனை செய்பவர் நாயைத் தனியே அறையில் விட்டு வெளியிலிருந்து வேலை செய்வார். வெள்ளத்துக்குப் பிறகு அவரை நாயோடு அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, பாவ்லோவ் தாமே வெளியிலிருந்து சோதனையை நடத்தினார். பழகிய மனிதர் பக்கத்தில் இருந்ததும் நாய் தின்னத் தொடங்கியது, இழந்த பழக்கம் திரும்பியது. அவர் இல்லாதபோது, அவருடைய உடுப்பை மட்டும் நாயின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்த வாசனைக்கே பலன் இருந்தது. வாசற்படிக்கு உட்புறம், கதவோரத்தில், துவைக்காத பழைய லுங்கியோ சேலையோ ஒன்றை மடித்துப் போட்டு வைக்கலாம்.