கீழிருந்து ஏறும் வெள்ளம்

செனகல் நாட்டின் தலைநகரான டக்கார், ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் காப் வேர் தீபகற்பத்தின் முனையில் அமைந்த நகரம். மூன்று பக்கமும் கடல். நகரம் வளரக் கிழக்கே மட்டும்தான் வழி. அந்த வழியில் கிடக்கிறது பிக்கின் என்ற புறநகர். 2013 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பிக்கின் மாவட்டத்தில் மட்டும் சுமார் 11.7 லட்சம் பேர் வசித்தார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரைதான் இங்கே மழை. சராசரி ஆண்டு மழை 500 மில்லிமீட்டரைத் தாண்டாது. இவ்வளவு குறைவாக மழை பெறும் ஊரில் ஆண்டுதோறும் வெள்ளம் வருகிறது. சில வீடுகளில் மழை ஓய்ந்து மாதக்கணக்கில் ஆகியும் தண்ணீர் வடிவதில்லை. பள்ளத்தில் பட்டா இல்லாமல் வீடு கட்டியவர்கள் அனுபவிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்கள் எப்படி அந்தப் பள்ளத்துக்கு வந்தார்கள், அங்கே நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

நகரத்தின் நடுவிலிருந்து ஏழைகளை அப்புறப்படுத்துவது டக்காரில் பழைய வழக்கம். 1914இல் பிளேக் பரவியபோது, அதையே காரணம் காட்டி ஆப்பிரிக்கர்களை மெதினா என்ற புதுக் குடியிருப்புக்குத் தள்ளியது பிரெஞ்சு ஆட்சி. 1952இல், குடிசைகளைப் பிரித்தெறிந்துவிட்டு அங்கிருந்தவர்களுக்கு மனை பிரித்துக் கொடுத்த இடம்தான் பிக்கின். 1960இல் விடுதலை கிடைத்த பிறகும் குடிசை அகற்றல் நிற்கவில்லை. கூடவே, 1960களின் இறுதியில் தொடங்கிய சாஹேல் வறட்சி, விளைச்சல் பொய்த்த கிராமங்களிலிருந்து மக்களைத் தலைநகருக்கு விரட்டியது. அரசு பிரித்த மனைகள் போதவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான லெபு மக்கள், பரம்பரை பாத்தியதையில் தாங்கள் வைத்திருந்த நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். 1964இல் வந்த சட்டமோ பதிவு செய்யப்படாத நிலத்தையெல்லாம் தேச உடைமை என்று அறிவித்திருந்தது. ஆகவே காசு கொடுத்து, கையில் ஒரு காகிதமும் வாங்கிக்கொண்டு குடியேறியவர்கள் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

நிலத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். வடக்குக் கடற்கரையை ஒட்டி மணல்மேடுகள். அவை நகராமலிருக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். மேடுகளுக்கு இடையே நியாய் என்று அழைக்கப்படும் தாழ்வான பள்ளங்கள். நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்தப் பள்ளங்கள் காய்கறித் தோட்டங்களுக்குப் பேர் போனவை. வறட்சி நீண்டபோது நீர்மட்டம் இறங்கி அவை காய்ந்து கிடந்தன. வீடு கட்ட வந்தவர் கண்ணுக்கு மணல்தான் தெரிந்தது. பக்கத்திலுள்ள தியாரோய் பகுதியில் கிணறு தோண்டி, நகரத்தின் குடிநீருக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டும் இருந்தார்கள். அந்த இறைப்பும் நீர்மட்டத்தைக் கீழே பிடித்து வைத்திருந்தது. பிறகு வீடுகளின் கழிவுக்குழிகளிலிருந்து ஊறிய நைட்ரேட் அந்த நீரைக் கெடுத்ததால் இறைப்பு பெருமளவு குறைக்கப்பட்டது. 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கியர் ஏரியிலிருந்து குழாயில் குடிநீர் வந்தது. வந்த நீர் வெளியே போகச் சாக்கடைக் குழாய் இல்லை. அது கழிவுக்குழி வழியாக மணலுக்குள்ளேயே இறங்கியது. ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து பிக்கினுக்கு அடியில் சேர்த்துவைத்தது போலத்தான் இது முடிந்தது. பிற்பாடு மழையும் தேறியபோது, ஏற்கெனவே நிரம்பிக் கிடந்த மணலில் அது இறங்க இடமில்லை.

பருவநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். எடுக்கத்தான் வேண்டும், 2012 ஆகஸ்டில் சிறிது நேரத்தில் கொட்டித் தீர்த்த பெருமழை எந்த நகரத்தையும் திணறடித்திருக்கும். ஆனால் அதைக் கொண்டு சாதாரண மழை ஆண்டுகளிலும் தரையிலிருந்து கசியும் நீரை விளக்க முடியாது. மக்களையே இடம் மாற்றிவிடலாம் என்பது இன்னொரு வாதம். 2005 வெள்ளத்துக்குப் பிறகு அரசு அதைச் செய்தும் பார்த்தது. நிவாரணப் பணத்தைக் காரணம் காட்டி 2006இல் நடக்க வேண்டிய நாடாளுமன்றத் தேர்தலே தள்ளிப்போனது. கேர் மசார் என்ற ஊருக்கு அருகே ஜக்காய் என்ற பெயரில் புது வீடுகள் எழுந்தன. பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் வீடு கொடுக்க எந்த அரசாலும் முடியாது என்பதை விடுவோம். இடம் மாறியவர்கள் வேலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் இன்னும் கிழக்கே போனார்கள். 1914இலும் 1952இலும் நடந்ததிலிருந்து இது எவ்வளவு வேறுபட்டது? கேர் மசாரும் வெள்ளத்துக்குத் தப்பவில்லை.

2012க்குப் பிறகு உலக வங்கியின் உதவியுடன் வெட்டப்பட்ட வடிகால்களும் தேக்கக் குளங்களும் சில பேட்டைகளுக்கு உண்மையிலேயே விடிவு தந்திருக்கின்றன. ஆனால் வடிகால் மேலே விழும் மழையை ஏந்துகிறதே தவிர, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அன்றாடம் மண்ணுக்குள் இறங்கும் கழிவுநீரை ஏந்துவதில்லை. அதற்குச் சாக்கடைக் குழாய் பதிக்க வேண்டும். தியாரோயில் மறுபடியும் நீரை இறைத்து, குடிக்க உதவாவிட்டாலும் கட்டுமானம் போன்ற வேறு வேலைகளுக்காவது திருப்ப வேண்டும். குழாய் பதிக்க அகலமான தெருவும், யார் வீடு எது என்ற பதிவும் வேண்டும்; பட்டா இல்லாத பேட்டைகளில் இரண்டும் கிடையாது. நில உரிமையைத் தீர்க்காமல் தண்ணீரை மட்டும் தனியாகத் தீர்க்கப் பார்ப்பதில்தான் இத்தனை ஆண்டுகள் போயிருக்கின்றன.