உப்பு போட்டுக் குடிங்கண்ணே

டீயைத் தாராளமா குடிங்கண்ணே. ஆபரேஷன் ஆகி வயித்துல பை வந்துட்டா டீயே ஆகாதுன்னு இல்லை. ஆனா அதைத் தண்ணிக் கணக்குல மட்டும் சேர்த்துடாதீங்க.

சிறுகுடல்ல இருந்து பெருங்குடலுக்குத் தினமும் ஒரு லிட்டருக்கு மேல நீர் வரும். அதுல இருக்கிற தண்ணியையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது பெருங்குடல். இலியாஸ்டமி ஆபரேஷன்ல சிறுகுடலோட கடைசிப் பகுதியை வயித்துக்கு வெளியே கொண்டு வந்து ஒரு சின்ன வாய் மாதிரி வச்சிடுறாங்க; அதுதான் ஸ்டோமா, அது மேலதான் பையை ஒட்டறது. உறிஞ்ச ஆள் இல்லை. தண்ணியோட உப்பும் பைக்குப் போயிடும். நாக்கு வறண்டு, கெண்டைக்கால் இழுத்து, எழுந்து நின்னா கண்ணை இருட்டுதுன்னா அதுதான் விஷயம். அப்போ சொம்பு சொம்பா உப்பில்லாத வெறும் தண்ணியோ டீயோ குடிச்சா, ரத்தத்துல மிச்சமிருக்கிற உப்பும் குடலுக்குள்ள இறங்கி, பையில இன்னும் கூடுதலா கொட்டும். அதுக்குப் பதிலா ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடிங்க. அந்தப் பொடியில உப்போட குளுக்கோஸும் இருக்கில்ல? குளுக்கோஸ் உள்ளே போறப்போ சோடியத்தையும் கூட்டிட்டுப் போகும், பின்னாலேயே தண்ணியும் போகும். பார்க்க வர்றவங்க எல்லாரும் இளநீரா வாங்கிட்டு வருவாங்க. அதுல பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கம்மி. உப்பு போட்ட கஞ்சி, மோர் தேவலை. பிரஷருக்குன்னு உப்பைக் குறைச்சிருந்தாலும், நீர் பிரியற மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட மறுபடி கேட்டாகணும். ஒரு நாள்ல பையில ஒன்றரை லிட்டருக்கு மேல போச்சுன்னா தாமதிக்காம சொல்லுங்க.

அடுத்தது சாப்பாடு. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் 6 – 8 வாரம் குடல் வீங்கித்தான் இருக்கும். குழைஞ்ச சோறு, இட்லி, இடியாப்பம், தயிர், முட்டை, வாழைப்பழம் போதும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், வேர்க்கடலை, மக்காச்சோளம், காளான் எல்லாம் அந்தச் சின்ன வாய்ல போய் அடைச்சுக்கும். நம்ம வீட்டுல கஷ்டமான விஷயம் தேங்காய்தான். துருவல் வேண்டாம், வடிகட்டின பால் பரவாயில்லை. அப்புறம் ஒரு நேரத்துக்கு ஒரு புதுப் பண்டமா, கொஞ்சமா, நல்லா மென்னு சாப்பிட்டுப் பாருங்க. வயிறு முறுக்கி வலிச்சு, நாலஞ்சு மணி நேரமா பையில எதுவும் விழாம, வாந்தியும் வந்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். பீட்ரூட் சாப்பிட்ட பிறகு பையில சிவப்பா வந்தா பதற வேண்டாம்.

பை மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதுமே காலி பண்ணிடுங்க. கனம் கூடினா ஒட்டு விட்டுடும். மாத்தறதுன்னா காலையில சாப்பிடறதுக்கு முன்னால, அப்போதான் வரத்து கம்மி. ஸ்டோமாவைத் தொட்டா வலிக்காது, சுத்தி இருக்கிற தோல்தான் எரியும். கசியற நீர்ல செரிமான நொதி இருக்கு, தோலையே அரிச்சிடும். வீக்கம் வடிய வடிய ஸ்டோமா சுருங்கும், அதனால முதல் ரெண்டு மாசம் அளவெடுத்துத்தான் ஒட்டற வளையத்துல ஓட்டை வெட்டணும். பழைய அளவுலயே வெட்டிட்டு, "கம்பெனி பை சரியில்லை"ன்னு திட்டறவங்கதான் ஜாஸ்தி.

இன்னொண்ணு, சாப்பிட்ட மாத்திரை பையில முழுசாக் கிடந்தா தூக்கிப் போட்டுட்டுச் சும்மா இருந்துடாதீங்க. மெதுவாக் கரையற வகையா இருக்கும், உங்க குடல்ல கரைய நேரமில்லை. டாக்டர்கிட்ட சொன்னா வேற வகையா மாத்திக் கொடுப்பார்.