பாட்டியின் சிவப்பு அட்டை

செடெனாக்கில் செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழும்புகின்றன. அங்கு வரும் வெளிநாட்டு நிபுணர்கள் கையில் வேலை பாஸ் இருக்கும். தவணை முடிந்தால் புதுப்பிப்பார்கள், இல்லையேல் நாடு திரும்புவார்கள். அதே ஊரில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழும் என் பாட்டியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசிதான், குடியுரிமை இல்லை.

மூன்று வயதில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். மெர்டேக்காவுக்குப் பின் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி இருந்தும் அவருடைய அப்பா பதியவில்லை. "சம்பாதிச்சிட்டு ஊருக்குத்தானே போகப்போறோம்" என்பது அவர் கணக்கு.

1969-இல் கணக்கு பிசகியது. முந்தைய ஆண்டு வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பெர்மிட் கிடைக்காமலும், கிடைக்காதோ என்ற பயத்திலும் சுமார் 60,000 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பாட்டிக்குக் கிடைத்தது. அவர் சித்தப்பா குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டால் இன்றும் பேச்சை மாற்றிவிடுவார்.

அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவுப்படி, குடியுரிமை கோருபவர் 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கு வசித்திருக்க வேண்டும். போதிய மலாய் தெரிய வேண்டும். முதலாவதில் பாட்டியை மிஞ்ச ஆளில்லை. மலாயில்தான் சிக்கல். சந்தையில் மீனுக்கு அடாவடியாக விலை பேசுபவருக்கு, நேர்காணல் மேசைமுன் வாய் திறக்கவில்லை.

அடுத்த தேர்தலில் நான் முதன்முறையாக வாக்களிக்கிறேன். பள்ளிக்கூட வாசல்வரை கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.