மருந்தடிக்காத தோப்பு

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பூச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். போன வருடம் வரை எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். தெரியாமல் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வாசலில் அப்பத்தா வைத்த செம்பருத்தி முழுவதும் மாவுப்பூச்சி. மாவை அள்ளித் தூவியது போல் குருத்தெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. அதற்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, பஞ்சுத் திரி மாதிரி சில புழுக்கள் ஊர்ந்தன. "இதுதான் தாய்ப்பூச்சி போல" என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி நசுக்கினேன். அவை மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் குழந்தைகள் என்பது பிறகுதான் தெரிந்தது! கிரிப்டோலேமஸ் என்ற அந்த வண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்டது. அதன் புழு பார்ப்பதற்கு அசல் மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். போலீஸ்காரர் திருடன் வேஷம் போட்டு வந்தால் என்ன ஆகும்? அதுதான் என் கையால் நடந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 கஜா புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. எங்கள் தோப்பிலும் பாதிக்கு மேல் தென்னை சாய்ந்தது. மிஞ்சியதையும் புதிதாக வைத்த கன்றுகளையும் நம்பித்தான் வீடு ஓடுகிறது, என் படிப்புச் செலவும் அதிலிருந்துதான். அந்த மரங்களில் சுருள் வெள்ளை ஈ ஏறியது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் போல ஒரு பிசினைக் கழிக்கும். அது கீழ் ஓலைமேல் விழ, அதில் கரும்பூசணம் படரும். தோப்பே கரி பூசினாற் போல் ஆகிவிடும். இந்த ஈ மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து பரவியது. நம் நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தெரிய வந்தது.

அப்பா மருந்துக் கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார். "வெலை அதிகந்தான். அடிச்சாத்தான்டா சரிப்படும்" என்றார். நான் வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துவிட்டு வந்து, "கொஞ்சம் பொறுங்கப்பா" என்றேன். அன்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டை.

விசாரித்ததில் தெரிந்தது இது. வெள்ளை ஈக்குப் பின்னாலேயே என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் நம் தோப்புகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது, நம்மைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் தன் முட்டையை வைக்கும். குளவிப் புழு உள்ளிருந்தே தின்று வளரும். ஈயின் கூடு கறுத்துவிடும். கடைசியில் குளவி வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். ஈயே வெளியே வந்திருந்தால் ஓட்டை வட்டமாக இருக்காது, டி எழுத்துப் போலக் கீறல்தான் இருக்கும். கைலென்ஸ் இருந்தால் நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், தியரி ஆஃப் மெஷின்ஸில் கவர்னர் படித்தோமல்லவா? லோடு குறைந்து வேகம் ஏறினால் உருண்டைகள் விரிந்து எரிபொருளைக் குறைக்கும். வேகம் இறங்கினால் திரும்பக் கூட்டும். அதே வேலைதான் குளவியுடையது. ஈ பெருகினால் அதற்குத் தீனி அதிகம், அதுவும் பெருகும். ஈ குறைந்தால் அதுவும் குறையும். ஒன்றையொன்று அடியோடு அழிப்பதில்லை. ஆனால் கவர்னர் உடனே பிடிக்காது, கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் நம் ஆட்கள் பொறுமை இழந்து மருந்தடிக்கிறார்கள். மருந்து குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும். தப்பிய ஈ கேட்பாரில்லாமல் பெருகும். கவர்னரைக் கழற்றி வீசிவிட்டு எஞ்சினை ஓட விட்ட கதை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் அடங்காததை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட அசிரோபேகஸ் என்ற சின்னக் குளவி அடக்கியது.

நாங்கள் என்ன செய்தோம்? ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினோம். லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆற வைத்துக் கரும்பூசணத்தின் மேல் தெளித்தால் காய்ந்து செதில் செதிலாக உதிரும். மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கிடையே கட்டினோம். குளவி அதிகமிருந்த ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் சொருகினோம். தண்ணீர் பீய்ச்சுவதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு அலர்ஜி ஆகிவிட்டது.

இப்போதும் தோப்பில் வெள்ளை ஈ இருக்கிறது. குருத்தோலை மட்டும் பச்சையாக வருகிறது. அந்த மருந்து டப்பா மூடி திறக்காமல் பரணில் கிடக்கிறது. அப்பா என் லென்ஸை வாங்கிக்கொண்டு தினமும் ஓலையைத் திருப்பிப் பார்க்கிறார். "டேய், இன்னைக்கு இந்த ஓலையில கருப்பு இருபத்தெட்டுடா" என்று போனில் சொல்கிறார். பக்கத்துத் தோப்பு மாமாவிடமும் நாலு ஓலை கொடுத்து வந்தோம். அவர் வாங்கிக் கட்டினார். அடுத்த வாரமே மருந்தும் அடித்துவிட்டார்.