வீட்டிலும் யாத்திரையிலும் வீடியோ கேமரா

1985ஆம் ஆண்டில் சோனி கம்பெனி ‘ஹேண்டிகேம்’ என்ற பெயரில் தன் முதல் கைக்கேமராவை வெளியிட்டது. கலியாண வீடுகளில் பெரிய விளக்கும் நீண்ட வயருமாக வந்து நின்ற தொழில்காரர்களுக்கே உரியதாயிருந்த வித்தை, அதன்பின் படிப்படியாகச் சாமானியக் குடும்பஸ்தரின் கைக்கும் வந்து சேர்ந்தது. கருவி சுலபமாகிவிட்டது, பார்க்கும் பொறுமை மட்டும் கூடவே வந்துவிடவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வருகிற யாத்ரீகர்கள் பலர், கேமராவை இடமும் வலமுமாக வீசி, ஜூம் பொத்தானை ஓயாமல் அழுத்தி எடுத்து, ஊர் திரும்பியதும் அந்தப் படத்தைத் தாமே ஐந்து நிமிஷம் பார்க்கச் சகியாமல் மூடி வைத்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் முந்தைய நாளன்று, மூலவரான நடராஜப் பெருமானே தேரேறி நான்கு வீதிகளையும் வலம் வருவது சிதம்பரத்துக்கே உரிய விசேஷம். அன்று கூட்டத்தோடு கூட்டமாக ஓடிக்கொண்டே எடுப்பதைவிட, கீழவீதியும் தெற்கு வீதியும் கூடுகிற முனையில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு ஒரு மாடியில் இடம் பிடித்து, முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே உத்தமம். தேர் தானே வந்து, திரும்பி, சட்டத்தை விட்டு வெளியேறட்டும். கேமரா அசைய வேண்டியதில்லை. பிறகு கீழே இறங்கி, வடம் பிடித்த கைகளையும், உருண்டு வரும் சக்கரத்தின் முன்னே குனிந்து, கணம் தவறாமல் முட்டுக்கட்டையைச் செருகிக் கை எடுக்கிற மனிதரின் முகத்தையும், ஒவ்வொன்றும் பத்து வினாடிக்குக் குறையாமல், பாதுகாப்பான தூரத்தில் நின்று எடுங்கள். கீழக் கோபுரத்தை வெளியிலிருந்து காலையிலும், மேலக் கோபுரத்தை அவ்வாறே மாலையிலும் எடுத்தால் சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கும். இல்லாவிட்டால் வானம் வெளுத்துக் கோபுரம் கறுத்துப் போகும். சந்நிதியில் படம் எடுக்க அனுமதியில்லை. அது நியாயமே என்பது என் அபிப்பிராயம். 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியிலோ சிக்கல் வேறு. இருண்ட மேடையில் ஒளி விழும் ஆடுபவரின் முகத்தைத் தானியங்கி அமைப்பு வெளுக்கச் செய்துவிடும். ஆகவே வெளிச்ச அளவைக் கையாலேயே குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகே மேல். துடுப்பு நீரைத் தொடும் ஓசையும் படத்தில் ஓர் அங்கம். படகிலிருந்து ஜூம் செய்தால் ஆட்டம் பன்மடங்காகும்.

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் உப்புக் காற்றும் மணலும் கருவிக்குச் சத்துருக்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேரே கரைக்குக் கொண்டுபோனால் லென்சில் ஈரம் படியும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து, பின்பு எடுங்கள். மைக்கின்மேல் ஒரு ஸ்பாஞ்ச் உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், குழந்தைகளின் பேச்சு இரைச்சலில் மூழ்காது.

ஆயினும் கேமராவுக்கு உண்மையான வேலை யாத்திரையிலன்று, வீட்டில்தான் இருக்கிறது என்பேன். கோபுரத்தை ஆயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள். உங்கள் பாட்டியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பண்ருட்டிப் பலாப்பழத்தைக் கோணிமேல் கிடத்தி, அரிவாளுக்கும் உள்ளங்கைக்கும் நல்லெண்ணெய் தடவி, பிளந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்து, பால் பிசின் விரலில் ஒட்டாமல் சுளை சுளையாகப் பேர்த்தெடுக்கிற அந்தக் கைகளை அருகிலிருந்து எடுங்கள். “ஏண்டா, இதையெல்லாமா படம் பிடிக்கிறே?” என்று அவர் கேட்கும்போது நிறுத்திவிடாதீர்கள், அந்தக் குரலுக்காகத்தானே இத்தனை பிரயாசை! டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் துடிப்பு அடங்கிவிடும்.

பிரயாண நூல்களால் தமிழரை மகிழ்வித்த ஏ.கே. செட்டியார், 1940இல் வெளியிட்ட காந்தியடிகள் பற்றிய ஆவணப் படத்துக்காகத் தேசம் தேசமாய் அலைந்து, எங்கெங்கோ யார் யாரோ எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். அவற்றை எவரேனும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டது நம் கடலூர் மாவட்டம்; பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளுக்கு ஈரமும் பூஞ்சையும் ஓயாத அபாயம். அவற்றை ஓட்டிப் பார்க்கும் இயந்திரங்களோ அருகிவருகின்றன. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு வி.சி.ஆர். தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆகையால் இந்த மாதமே அந்தக் கேசட்டுகளைக் கீழே இறக்கி, கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை வெளியூரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.