பால்ராக் எத்தனை அடி உயரம்?

உங்கள் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "பார்த்தாலே நடுங்க வைக்கும் ஒரு பூதத்தை வரையுங்கள்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? தாள் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக வரைவீர்கள். இரண்டு கொம்பு, நான்கு கோரைப் பல், சிவப்புக் கண்கள்... அவ்வளவுதானே?

ஆனால், உலகம் முழுவதும் வாசகர்களை நடுங்க வைத்த ஓர் இருட்டுப் பூதத்துக்கு, அதைப் படைத்த எழுத்தாளர் உயரமே சொல்லவில்லை! அதன் பெயர் 'பால்ராக்'. படைத்தவர், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 1954, 1955ம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த, 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்' என்ற நாவலில்தான் அது வருகிறது.

பால்ராக்கின் உயரம் என்ன? அதற்குச் சிறகு உண்டா, இல்லையா? வாசகர்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றி வாதாடி வருகின்றனர். வாருங்கள், நாமும் கொஞ்சம் துப்பறிந்து பார்ப்போம்!

சுரங்கத்தில் ஒரு நிழல்

மலைக்கு அடியில் மோரியா என்று ஒரு பழைய நகரம். குள்ள மனிதர்கள் விலை மதிப்பில்லாத உலோகத்துக்காக அங்கே ஆழமாகத் தோண்டிக்கொண்டே போனார்கள். அடியில் ஒளிந்திருந்த பால்ராக் விழித்துக்கொண்டது. அவர்களின் அரசனே அதனால் மாண்டு போனான், நகரம் பாழாகிவிட்டது.

பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கேண்டால்ப் என்ற மந்திரவாதியும் அவரது 8 தோழர்களும் அந்த வழியாக வருகின்றனர். அப்போது, நெருப்பும் நிழலும் கலந்த ஓர் உருவம் அவர்களைத் துரத்துகிறது. வலது கையில் தீ நாக்கு போன்ற வாள். இடது கையில் பல வார்கள் கொண்ட சாட்டை. பின்னால் பற்றி எரியும் பிடரி மயிர். நடுவில் ஏதோ மனித வடிவம் போலத் தெரிகிறது. ஆனால், மனிதனை விடப் பெரியது. எவ்வளவு பெரியது? அதைத்தான் டோல்கீன் சொல்லவில்லை.

துப்பு 1: கதவு வளையம்

கேண்டால்ப் ஓர் அறையின் கதவை மந்திரத்தால் அடைக்கிறார். அந்த அறைக்குள் வந்த பால்ராக், கதவின் இரும்பு வளையத்தைக் கையால் பிடிக்கிறது. அப்படியானால், அறைக்குள் நுழையும் உடம்பு; வளையத்தைப் பிடிக்கும் கை!

துப்பு 2: பாலம்

அடுத்து, பாதாளத்தின் மேல் ஒரு கல் பாலம். நீளம் 50 அடி. கைப்பிடிச் சுவர் கிடையாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்தக் குறுகிய பாலத்திலும் பால்ராக் கால் வைக்கிறது. எனவே, கால் ஒன்றும் யானைக் கால் இல்லை!

துப்பு 3: உடைந்த மலை

பாலத்தின் மேல் வந்ததும் அது திடீரென்று மிக உயரமாக நிமிர்கிறது. கேண்டால்ப் பாலத்தை உடைக்க, இருவரும் பாதாளத்தில் விழுகின்றனர். கீழே தண்ணீரில் அதன் தீ அணைந்துவிடுகிறது. அப்போது அது, மலைப்பாம்பை விடப் பலமாக இறுக்கும் வழவழப்பான ஒன்றாகி விடுகிறது! பிறகு முடிவே இல்லாத படிகளில் ஏறி, மலை உச்சிக்குப் போனதும் மறுபடி தீப்பிடிக்கிறது. கடைசியில், கேண்டால்ப் அதைத் தள்ளிவிட, அது விழுந்த இடத்தில் மலையின் பக்கமே நொறுங்குகிறது.

அறைக்குள் நுழையும் உருவம் மலையை நொறுக்குமா? எப்படி இது? விடை எளிது. பால்ராக், அந்தக் கதையின்படி, ஓர் ஆவி. நமக்கு இருப்பது போல ஒரே அளவு உடம்பு அதற்கு இல்லை.

அடித்து எழுதிய வரி

டோல்கீன் 1973ம் ஆண்டு காலமானார். அவரது மகன் கிறிஸ்டோபர், அப்பா விட்டுச் சென்ற கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து, 1983 முதல் 1996 வரை 12 பாகங்களாக வெளியிட்டார். அதில் ஓர் ஆச்சரியம்!

முதலில் எழுதிய வரைவில், பால்ராக் ஒரு சாதாரண மனிதனின் உயரத்துக்கு மேல் இல்லை. பிறகு டோல்கீன் தமக்குத் தாமே ஒரு குறிப்பு எழுதிக் கொண்டார். பால்ராக்கின் வருணனையை மாற்ற வேண்டும். அதன் உருவம் தெளிவாகத் தெரியக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை விடப் பெரிதாக மனதுக்குப் பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதுதான் ரகசியம்! மின்சாரம் போன இரவில், கொடியில் தொங்கும் துண்டு யாரோ நிற்பது போலத் தெரியும் அல்லவா? விளக்கு வந்ததும் அது வெறும் மூன்று முழத் துண்டு. பயத்தின் அளவு வேறு, பொருளின் அளவு வேறு. டோல்கீன் கடைசி வரை அந்த விளக்கைப் போடவே இல்லை.

எண்ணிக்கையிலும் இப்படித்தான். அவருடைய ஆரம்ப காலக் கதைகளில் பால்ராக்குகள் கூட்டம் கூட்டமாக வந்தன. பின்னாளில், மொத்தமே மூன்று, மிஞ்சினால் ஏழுதான் இருந்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதி வைத்தார். எண்ணிக்கை குறைந்தது, பயம் கூடியது!

நான்கு பேர் தூக்கிய தலை

டோல்கீன் பழைய ஆங்கில இலக்கியப் பேராசிரியர். அவர் ஊறித் திளைத்த நூல்களில் ஒன்று, 'பேவுல்ப்' என்ற காவியம். சுமார் 1,000 ஆண்டு பழமையான அதன் ஏடு, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அக்காவியத்தில் வரும் அரக்கர்களே அதன் உயிர்நாடி என்று, 1936ம் ஆண்டு ஒரு புகழ்பெற்ற சொற்பொழிவில் வாதாடியவர் டோல்கீன்.

அதில் கிரெண்டல் என்று ஓர் அரக்கன். அவனுக்கும் உயரம் சொல்லப்படவில்லை. ஆனால், ஒரே இரவில் 30 வீரர்களை வாரிக்கொண்டு போகிறான். அவன் கண்களில் தீ போன்ற ஒளி வீசுகிறது. பிறகு அவனது வெட்டுண்ட தலையைத் தூக்கி வர நான்கு பேர் திணறுகின்றனர். தலைக்கே நான்கு பேர் என்றால், முழு உருவம்? கணக்கை நம்மிடமே விட்டுவிடுகிறார் அந்தப் பழங்காலப் புலவர்.

டோல்கீனும் இதையே செய்கிறார். பால்ராக்கைக் கண்டதும் குள்ள வீரன் கிம்லி கோடரியை நழுவ விட்டு முகத்தை மூடிக்கொள்கிறான். எதிரிப் படையினரே ஒதுங்கி வழி விடுகின்றனர். இதற்கு மேல் அடிக்கோல் எதற்கு?

சிறகு உண்டா?

நாவலில் ஓர் இடத்தில், பால்ராக்கின் நிழல் இரண்டு பெரிய சிறகுகள் 'போல' விரிகிறது. சற்று நேரத்தில், சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று வருகிறது, 'போல' இல்லை! "பார்த்தாயா, சிறகு உண்டு" என்பது ஒரு கட்சி. "அதுவும் நிழல்தான், நிஜச் சிறகு இருந்தால் பாதாளத்தில் விழாமல் பறந்திருக்குமே" என்பது எதிர்க் கட்சி. இன்றும் தீர்ப்பு வரவில்லை!

ஆனால், 2001ம் ஆண்டு பீட்டர் ஜாக்சன் எடுத்த திரைப்படத்தில், கம்ப்யூட்டர் கிராபிக்சில் ஒரு பிரமாண்ட பால்ராக் வந்தது. பெரிய கொம்புகளும் சிறகுகளும் அதற்கு உண்டு. நாவலில் கொம்பு என்ற பேச்சே இல்லை! அருமையான காட்சிதான், சந்தேகமே இல்லை. ஆனாலும், படம் பார்த்த பலருக்கு இன்று பால்ராக் என்றாலே அந்த ஒரே உருவம்தான். அதற்கு முன், படித்த ஒவ்வொருவர் மனதிலும் வேறு வேறு பால்ராக் இருந்தது.

எனவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு கதையைப் படித்து முடித்ததும், படத்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் மனதில் தோன்றியதை வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு நண்பனின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. இரண்டுமே சரிதான்!