உங்களுக்குத் தெரியுமா? ஏரிக்குள் விளையும் ஆரஞ்சு!

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில், ரயில் பாதையும் தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும் நெருக்கியடிக்கும் பிரான்காச்சோ பகுதியில், ஒரு காலத்தில் ராஜா படகு விட்ட ஏரி இருந்தது. இன்று அதன் தரையிலும், நடுவே இருந்த தீவிலும் சிட்ரஸ் மரங்கள் நிற்கின்றன.

● 12ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் ரோஜரின் மாரெதோல்ச்சே அரண்மனையைச் சூழ்ந்திருந்த ஏரி இது. கிரிஃபோனே மலையடி ஊற்று நீரைக் கல் அணை கட்டித் தேக்கினார்கள். அரண்மனையின் மூன்று பக்கமும் தண்ணீர். ஈரம் இறங்காமலிருக்கச் சுவரில் பூசிய தனிச் சாந்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

● 1328இல் அரண்மனை டியூட்டானிக் வீரத் துறவியர் கைக்குப் போனது. பின்னர் ஊற்று வற்றியது, ஏரி தோப்பானது. நம்மூர் என்றால் பிளாட் போட்டிருப்பார்கள்!

● பிற்காலத்தில் அரண்மனைக்குள்ளேயே குடும்பங்கள் குடியேறின. 1992இல் சிசிலி மாநில அரசு அதைக் கையகப்படுத்தி, மீட்கத் தொடங்கியது.

● பக்கத்திலேயே இதே போன்ற இன்னொரு வேடிக்கை: ஆறில்லாத பாலம். ரோஜரின் கடற்படைத் தளபதி, அந்தியோக்கியாவின் ஜார்ஜ், 1131 வாக்கில் ஒரேத்தோ ஆற்றின் மீது கட்டியது. வெள்ளத் தொல்லையால் 1938இல் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். பாலம் இப்போது புல்தரையில் நிற்கிறது.

● 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் பாலத்துக்கு இடம் கிடைத்தது. அரண்மனைக்குக் கிடைக்கவில்லை.